முதல் வரிசைக்காரர்கள்

"மேடம், கொஞ்சம் எழுந்திரிங்க... இது விஐபி சீட்!"

நளினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அபுதாபியில் அத்தி பூத்தாற்போல் ஜனவரி மழை. நனைந்த துப்பட்டாவோடு பொங்கல் விழா அரங்குக்குள் ஓடிவந்து, கண்ணில் பட்ட நாற்காலியில் உட்கார்ந்தது ஒரு குற்றமா?

நிமிர்ந்தாள். கழுத்தில் தொண்டர் அட்டை, கையில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், நெற்றியெல்லாம் வியர்வை... அந்தக் கண்கள் மட்டும் சிரித்தன. பாவி, சிரிக்காமல் இருந்தால் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்!

"பேர் எழுதியிருக்கா?"

"எழுதலைங்க. எழுதினா அதுக்கும் சண்டை வரும்."

சொல்லி வாய் மூடவில்லை, சண்டை வந்தேவிட்டது. விழாவை நடத்தும் தமிழ்ச் சங்கத்தின் முன்னாள் தலைவர் சேதுபதி கோபித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். "யோவ் ரெங்கராஜ், எனக்கு ரெண்டாவது வரிசையா? இந்தச் சங்கத்தை ஆரம்பிச்சதே நான்யா!"

நளினி எழுந்ததுமே அந்த நாற்காலியிலும் இன்னொரு விஐபி உட்கார்ந்துவிட்டார்; முன்னால் இடமில்லை. நாற்காலிகளை இறக்கிவைத்துவிட்டு, அந்தத் தொண்டன் ரெங்கராஜ் கையைப் பிசைந்தான்.

நளினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எட்டு வருடம் அவள் படித்தது இதைத்தானே! முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மனியில், ரேகன்ஸ்பர்க் நகரில் கூடிய பேரரசின் சபை. யார் முன்னே, யார் பின்னே என்று தூதர்கள் ஓயாமல் மல்லுக்கட்டிய சபை. அதில்தான் அவளுக்கு டாக்டர் பட்டம்.

ஒரு தாளைக் கிழித்து, அந்தத் தூதர்கள் விட்டுக்கொடுக்கும்போது எழுதிக் கொடுத்தது போலவே எழுதினாள். 'இன்று நான் இரண்டாம் வரிசையில் அமர்வதால், முதல் வரிசைக்கான என் உரிமை போய்விட்டதாக யாரும் கருதக் கூடாது.'

"கையெழுத்துப் போடுங்க ஐயா. சங்கத்து ஃபைல்ல பத்திரமா இருக்கும்."

சேதுபதி இரண்டு முறை படித்தார். முகம் மலர, கையெழுத்துப் போட்டுவிட்டு ராஜா மாதிரி இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

விழா முடிந்ததும் ரெங்கராஜ் தேநீரோடு வந்து நின்றான். "இந்த வித்தையை எங்க கத்துக்கிட்டீங்க?"

சொன்னாள். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் பேச்சை மாற்றுவார்கள். பெண் பார்க்க வந்த மூன்று பேரும், "கல்யாணத்துக்கப்புறம் இதெல்லாம் எதுக்கு?" என்றவர்கள்தான். இவனோ...

"அப்புறம் என்னாச்சு? எழுதிக் குடுத்தவங்களுக்கு எப்பவாச்சும் முன்சீட் கெடச்சுதா?"

எட்டு வருடத்தில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. மழை விட்டது, மறுபடி பிடித்தது... அவள் பேச்சை நிறுத்தவே இல்லை.

அடுத்த மூன்று வெள்ளிக்கிழமைகளும் கார்னிஷ் கடற்கரையில் அதே பேச்சுதான். நான்காவது வெள்ளி அவன் வரவில்லை. ஃபோனும் எடுக்கவில்லை. அந்த வாரம்தான் ரேகன்ஸ்பர்க்கில் அவளுக்கு இரண்டு வருட ஆராய்ச்சி வேலை கிடைத்திருந்தது. "வேலையா, கல்யாணமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு சொல்லு" என்று அப்பா கெடு வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை, முசாஃபாவில் அவன் ஃபோர்மேனாக இருக்கும் ஏசி ஒர்க்‌ஷாப்புக்கே போய் நின்றாள்.

"ஏன் வரலை?"

"நீங்க டாக்டரு, நான் டிப்ளமா..." தலையைக் குனிந்துகொண்டான். "ஜெர்மனில வேலைன்னு சங்கத்துல சொன்னாங்க. நான் குறுக்க நின்னா நீங்க போகாம இருந்துருவீங்களோன்னு பயம்."

"போகாதேன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்ல மாட்டேன்!" முதல் முறையாக முறைத்தான். "இத்தனை வருஷம் படிச்சதை ஏன் விடணும்? போய் அந்தச் சபையைப் பத்தி முழுசா எழுதுங்க. ரெண்டு வருஷம்தானே... நான் இங்கதான் இருப்பேன்."

நளினிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனை நாளாய் ஏங்கினாள்! கைப்பேசியை எடுத்தாள்.

"அப்பா... வேலைக்குச் சரின்னு எழுதப் போறேன். கல்யாணத்துக்கும் சரி. மாப்பிள்ளை எதிர்லதான் நிக்கிறார், கையெல்லாம் கிரீஸ். இன்னும் அவர்கிட்டயே கேக்கலை... லைன்லயே இருங்க."

அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. கட்டிக்கிறீங்களா?"

ரெங்கராஜ் அவசரமாகக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

"ஃபோனைக் குடுங்க... மாமாகிட்ட நானே பேசறேன்."