பட்டனை விடு, மாப்ள

மழை மூன்றாவது நாளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. செல்போன் கோபுரங்கள் எல்லாம் படுத்துவிட்டதால், ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி ஸ்டோர் ரூமில் என் ஹாம் ரேடியோவை வைக்கச் சொன்னார்கள். பகல் பதினொரு மணிக்குக் கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அறையில் பினாயிலும் ஈரத்துணியும் நாறின.

வருகிற தகவல்களை நோட்டில் எழுத ஒரு நர்ஸை அனுப்பியிருந்தார்கள். என் அக்கா.

போன வெள்ளத்தில் அத்தானும் நானும் இதே வேலை பார்த்தோம். அவர் பம்ப் ஹவுஸில், நான் பள்ளிக்கூடத்தில், படகுக்காரர்களோடு. வீட்டில் சோறு கேட்டால்கூட 'ஓவர்' என்று முடிக்கிற மனுஷன் அவர். நான் பேசிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தம். அன்று பம்ப் ஹவுஸ் அவரோடு மூழ்கியது.

"கடைசியா உன்னைக் கூப்பிட்டாராடா?" என்று அப்புறம் அக்கா கேட்டபோது, இல்லை என்றேன்.

கூப்பிட்டாரா என்று எனக்கே தெரியாது. இரண்டு நாள் தூங்காத அசதியில் மைக் மேலேயே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். பேசும் பட்டன் நாற்பது நிமிடம் அழுந்திக் கிடந்தது. அழுந்தியிருக்கும்வரை எனக்கு எதுவும் கேட்காது. படகு வாசலில் சும்மா நின்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

செட்டை ஆன் செய்தேன். வெறும் இரைச்சல்.

அதற்குள் ஒரு மூச்சு.

"மாப்ள... பட்டனை விடு."

மைக் மேஜையில் கிடந்தது. நான் தொடவே இல்லை.

"தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு. பட்டனை விடு மாப்ள. படகு வேணும். ஓவர்."

பேட்டரி கம்பியைப் பிடுங்கினேன். செட் செத்தது.

குரல் சாகவில்லை.

அக்காவின் பேனா நின்றது. "அவருடா," என்றாள் கிசுகிசுப்பாக. "எந்தப் பட்டனை?"

சொன்னேன். நாற்பது நிமிடத்தையும் சொன்னேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மைக்கை எடுத்துப் பட்டனை அழுத்தினாள்.

"ஏங்க, படகு வருதுங்க. தைரியமா இருங்க. ஓவர்."

பட்டனை விட்டாள். மைக்கைப் பத்திரமாக மேஜையில் வைத்துவிட்டு, அவர் பதிலுக்காகக் காதைச் செட்டோடு ஒட்டிக்கொண்டாள்.

யாரும் தொடாத மைக்கில், பட்டன் மெல்ல உள்ளே போனது.

பேட்டரி இல்லாத செட்டில், பட்டனை அழுத்தினால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. பதில் சொல்லத் தொடங்கிய குரல் பாதியில் அறுந்தது. அக்கா நகம் பெயரப் பெயர அந்தப் பட்டனை நெம்பினாள். நானும் நெம்பினேன்.

நாற்பது நிமிடம் அது மேலே வரவே இல்லை.