எவ்விதத் தொடர்பும் இல்லை

மழை வருமா வராதா என்று வானமே முடிவு செய்யாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை... பூங்காவில் இரண்டு சேவைச் சங்கங்கள் ஒரே பெஞ்சுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தன.

ஒரு சங்கம் பச்சை. இன்னொன்று நீலம்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. வாரம் முழுக்க பிசியோதெரபி கிளினிக்கில் அடுத்தவர் கழுத்தையும் முழங்காலையும் நீவி நிமிர்த்துகிறவள். கிடைக்கிற ஒரே விடுமுறை நாளில், கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு சேற்றில் நிற்கத்தான் வேண்டுமா? வேண்டும். ஏனென்றால் பச்சைச் சங்கத்தின் தலைவர் அவளுடைய அப்பா. சங்கத்தின் மாத மடலுக்கு ஆசிரியர் அவள். ஆசைப்பட்டு வாங்கிய பதவி அல்ல. "பாப்பாவுக்குத் தமிழ் டைப்பிங் தெரியும்" என்று அப்பா ஒரு கூட்டத்தில் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள், அவ்வளவுதான்.

முன்பு ஒரே சங்கமாகத்தான் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தபோது, ரிப்பனை யார் வெட்டுவது என்று அப்பாவுக்கும் துணைத் தலைவியாக இருந்த ஒரு தலைமையாசிரியைக்கும் வாக்குவாதம் வந்தது. அன்றைக்கு வெட்டுப்பட்டது ரிப்பன் அல்ல, சங்கம்.

"பாப்பா, படத்துல நம்ம ஆளுங்க மட்டும்தான் வரணும். அந்தம்மா கோஷ்டியில ஒருத்தர் கூட விழக் கூடாது" என்றார் அப்பா, பெயின்ட் படாத பிரஷ்ஷை ஓங்கிப் பிடித்தபடி.

அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். பெஞ்சின் ஓரத்தில் நீல டி-ஷர்ட் போட்ட ஒருவன், உலகத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவன் போல உட்கார்ந்திருந்தான்.

"சார், கொஞ்சம் நகருங்க. படத்துல விழறீங்க."

"நகரணும்னுதான் எனக்கும் ஆசை."

"அப்புறம் என்ன?"

"ஒட்டிக்கிட்டேன்னு நினைக்கிறேன்."

அவள் கேமராவை இறக்கிப் பார்த்தாள். அப்பா ஆள் வைத்துப் புதிதாகப் பச்சை அடித்த பெஞ்சு அது.

"ஈரம்னு ஒரு அட்டை வைக்க மாட்டீங்களா?" என்றான் அவன்.

"சுத்தி இத்தனை பேர் பிரஷ்ஷோட நிக்கறோம். அட்டை வேற வேணுமா?"

"உட்கார்றதுக்குத்தானேங்க பெஞ்சு."

பதில் சொல்ல வாயெடுத்தவள், அவன் நிமிர்ந்து பார்த்ததும் நிறுத்திவிட்டாள். அந்தக் கண்கள்... முகம் முழுக்கக் கோபமாக இருக்க, கண்கள் மட்டும் கட்சி மாறி அவள் பக்கம் வந்துவிட்டிருந்தன. சிரிப்பை ஒளித்து வைக்கத் தெரியாத கண்கள்.

வானம் அந்த நேரம் பார்த்துத்தான் முடிவுக்கு வந்தது. சடசடவென்று மழை. எல்லோரும் கூரை தேடி ஓடினார்கள். அவள் கேமராவைத் தங்கள் சங்கச் செயலாளர் கையில் திணித்துவிட்டுக் குடையை விரித்தாள். போயிருக்கலாம். ஆனால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதனை நனையவிட்டுப் போக மனது வரவில்லை. சலித்துக்கொண்டே குடையை அவன் தலைக்கு மேல் நீட்டினாள்.

"நீலச் சங்கத்துல எப்போ சேர்ந்தீங்க?"

"சேரலை. எங்கம்மாதான் தலைவி. நான் கால்நடை டாக்டர். ஞாயித்துக்கிழமையாவது தூங்கலாம்னு இருந்தேன்... எழுப்பிக் கையில பிரஷ்ஷைக் கொடுத்துட்டாங்க. நீங்க?"

"எங்கப்பாதான் தலைவர்."

இருவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். ஒரே நேரத்தில் விட்டதைக் கவனித்து... ஒரே நேரத்தில் சிரித்தும் விட்டார்கள். மரத்தடியில் நின்ற செயலாளர், கையில் கிடைத்த கேமராவைச் சும்மா வைத்திருக்க முடியாமல், ஒரு படம் எடுத்தார்.

அந்த மாத மடலை அச்சகத்துக்குக் கொண்டுபோய், தான் எடுத்த படத்தையும் அதில் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போனார்.

மடல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. உறுப்பினர் செய்திகள் பகுதியில், பொருளாளரின் மகளும் மருமகனும் மணக்கோலத்தில் நிற்கும் படத்துக்குக் கீழே, 'கொட்டும் மழையிலும் தளராமல் பெயின்ட் அடித்த தொண்டர்கள்' என்று இருந்தது. ஒரே குடைக்குள் அவளும் அவனும் சிரிக்கிற படத்துக்குக் கீழே, 'இல்லறத்தில் இணைந்த மணமக்களுக்குச் சங்கத்தின் இதயம் கனிந்த வாழ்த்துகள்'.

மறுநாள் கிளினிக்கில், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் முழங்காலை அவள் மடக்கிக்கொண்டிருந்தபோது அவன் உள்ளே வந்தான். கையில் மடல்.

"வாழ்த்துகள்" என்றான்.

"எதுக்கு?"

"நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. எனக்கே நேத்துதான் தெரியும்."

அவள் கண்டக்டரின் காலை விட்டுவிட்டாள். அவர் வலியைப் பொருட்படுத்தாமல் எழுந்து உட்கார்ந்தார்.

"இவர்தானா மாப்பிள்ளை? இருக்கட்டும் இருக்கட்டும். பொருத்தமாத்தான் இருக்கீங்க."

"சார், நீங்க படுங்க" என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காலையிலேர்ந்து ஊசி போட வந்த ஒவ்வொருத்தரும் விருந்து எப்போன்னு கேக்கறாங்க" என்றான் அவன். "வெளிநாட்டுல இருக்கற எங்க அக்காவுக்கு யாரோ படம் அனுப்பிட்டாங்க. என்கிட்ட கூடச் சொல்லலையேடான்னு போன்ல ஒரே அழுகை. இதுக்கு நீங்கதான் ஒரு வழி பண்ணணும். ஆசிரியர்னு உங்க பேர்தான் போட்டிருக்கு."

"அடுத்த மடல்ல திருத்தம் போட்டுடறேன். ஒரு வரி. முடிஞ்சுது."

ஒரு வரியில் முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அப்பா 'திருத்தம்' என்று தலைப்புப் போடச் சம்மதித்தார். 'வருந்துகிறோம்' என்ற சொல்லை மட்டும் போடவே விடமாட்டேன் என்றார். "வருந்தறதுக்கு நாம என்ன கொலையா பண்ணிட்டோம்?" அவன் அம்மாவான தலைமையாசிரியையோ, 'வருந்துகிறோம்' இல்லாத திருத்தத்தை ஏற்க மாட்டேன் என்றார். கடைசியில் 'படத்தில் உள்ள இருவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்றொரு வரியும் இருந்தே தீர வேண்டும் என்றும் சொன்னார். தலைவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே தாள்களைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் நடந்தார்கள். கிளினிக்குக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. சாயங்காலம் அங்கேதான் கைமாற்றம்.

"உங்கம்மா என் ஒற்றுப்பிழையை எல்லாம் சிவப்பு மையில சுழிச்சு அனுப்பியிருக்காங்க" என்று ஒருநாள் தாளை மேசையில் வீசினாள்.

"மார்க் போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்காங்க."

"பாஸா?"

"சிரிக்காதீங்க. எனக்கு வர்ற கோபத்துல..." என்று ஆரம்பித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் தானும் சிரித்துத் தொலைத்தாள்.

அவன் கைகளில் எப்போதும் புதிய கீறல்கள் இருந்தன. பூனைகள் என்றான். வாயில்லாத ஜீவன்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். சொல்லிக்கொண்டே அவள் கண்களைப் பார்த்தான்.

"எனக்கு வாய் இருக்கு. என்னை எதுக்கு அப்படிப் பார்க்கறீங்க?"

"பழக்கதோஷம்."

அவள் காப்பிக் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள். காது மடல் சுட்டது. 'என்ன இது... பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி' என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனால் மறுநாள் மதியத்திலிருந்தே கண் கடிகாரத்துக்கும் வாசலுக்கும் அலைந்தது. அதற்கும் தன் மீதே எரிச்சல்பட்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"யார் வீட்டுல கல்யாணம், யாருக்குக் குழந்தை பிறந்துது, யார் பையனுக்கு வேலை கிடைச்சுது... எல்லாம் நான்தான் டைப் பண்றேன். ஊர்ல இருக்கற சந்தோஷமெல்லாம் என் விரல் வழியாத்தான் போகுது. நான் மட்டும் கடைசிப் பக்கத்துல சின்ன எழுத்துல இருப்பேன். முதல் தடவையா செய்தியில வந்தேன்... அதுவும் பொய்."

அவன் இம்முறை சிரிக்கவில்லை.

"பொய்யாப் போனதுல வருத்தமா?"

அவள் கோப்பையை எடுத்தாள். ஆறிப்போன காப்பியைச் சூடாக இருப்பதுபோல ஊதி ஊதிக் குடித்தாள்.

அடுத்த முறை வந்தபோது அவன் உட்காரவே இல்லை. தாளை நீட்டினான்.

"எல்லாம் முடிஞ்சுது. 'வருந்துகிறோம்' வேண்டாம்னு அம்மா ஒத்துக்கிட்டாங்க. கடைசி வரி மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"உங்களுக்கும் அது இருக்கணுமா?"

"எனக்கு என்ன... போட்டுடுங்க."

அவன் கண்கள் அவளிடம் வரவில்லை. மேசையில் வைத்த காப்பியைத் தொடாமலே மழைக்குள் இறங்கிப் போனான். அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு கோபம் வந்தது. அதற்குப் பிறகு வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'இருவருக்கும் எவ்வித' என்பது வரை விரல்கள் போயின. அங்கேயே நின்றுவிட்டன.

"முடிஞ்சுதா பாப்பா? அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க" என்று வந்தார் அப்பா.

"அந்தம்மா எப்படிப்பா திடீர்னு 'வருந்துகிறோம்' வேண்டாம்னு சொன்னாங்க?"

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார். "போன் பண்ணினாங்க."

"உங்களுக்கா? எதுக்கு?"

"பசங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பிடிச்ச மாதிரி தெரியுது, நாம உட்கார்ந்து பேசலாமான்னு கேட்டாங்க."

அவளுக்கு மூச்சு ஒரு கணம் எங்கோ போய்விட்டு வந்தது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"கேட்டது அந்தம்மாவாச்சே... எனக்குக் கோபம் எங்கேயோ ஏறிடுச்சு. மாட்டு டாக்டருக்கெல்லாம் என் பொண்ணைக் கொடுக்கறதா இல்லைன்னு..." அப்பாவின் குரல் தானாகவே தேய்ந்தது.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இந்த வரியை நான் டைப் பண்ண மாட்டேன்."

"ஒரு வரிதானே பாப்பா."

"அந்த வரிதான்பா பொய்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மா தவறிப் போனப்புறம் வீடு அமைதியாயிடுச்சுன்னுதான் நீங்க சங்கமே கதின்னு கிடக்கறீங்க. எனக்குத் தெரியும். அதனாலதான் நானும் வாயை மூடிக்கிட்டு மரத்தையும் பெஞ்சையும் படம் எடுத்துக்கிட்டிருக்கேன். ஆனா எனக்கும் இந்த வீடு அமைதியாத்தான்பா இருக்கு. அதை நீங்க ஒரு நாள் கூடக் கேட்டதில்லை."

அப்பா மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஊர்ல வேற ஆளே இல்லையா பாப்பா?" என்றார் கடைசியில், அழுகிற குரலில்.

"நானா தேடிப் போனேன்? உங்க செயலாளர்தானே கட்டி வெச்சார்."

அப்பாவின் உதடு துடித்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"அந்தம்மாகிட்ட நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பேசறது?"

"அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கால்நடை மருத்துவமனையில் நாய்களும் ஆடுகளும் உடையவர்களோடு வரிசையில் காத்திருந்தன. தலையிலிருந்து மழைநீர் சொட்ட வந்தவளை வாசலில் இருந்த உதவியாளர் மறித்தார்.

"உங்களுது என்ன, நாயா பூனையா?"

"நான்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் ஓர் ஆட்டின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கை நின்றது. ஆடு திமிறியது.

"கொஞ்சம் இதைப் பிடிச்சுக்கங்க."

அவள் ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே வெடித்தாள்.

"எங்கப்பா பேசினது தப்பு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஆனா உங்களுக்குக் கோபம்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். ஒரு வாய் காப்பி கூடக் குடிக்காம, 'போட்டுடுங்க'ன்னுட்டுப் போனா என்ன அர்த்தம்?"

"உங்க அப்பாவைப் பத்தி உங்ககிட்டயே எப்படிப் புகார் சொல்றது?" என்றான் அவன், ஆட்டின் காலிலிருந்து பார்வையை எடுக்காமல். "அவர் சொன்னது கூடப் பரவாயில்லை. நீங்களும் அதையே நினைக்கறீங்களோன்னுதான் பயம். கேட்டு, நீங்க ஆமான்னுட்டா..."

"இத்தனை நாள் என் கண்ணையே பார்த்தீங்களே. என்ன தெரிஞ்சுது?"

"நான் ஆசைப்பட்டதுதான் தெரிஞ்சுது. அதனாலதான் நம்ப முடியலை."

அவள் கண்களை இறுக மூடித் திறந்தாள். இந்த மனிதனிடம் நேராகச் சொன்னாலொழிய எதுவும் நடக்காது.

"சரி, கேட்டுக்கங்க. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. எரிச்சலா வருது... அவ்வளவு பிடிச்சிருக்கு. காலையில எழுந்ததும் உங்க ஞாபகம்தான். கிளினிக்ல வலது காலுக்கு வந்தவருக்கு இடது காலை மடக்கறேன். போதுமா?"

ஆடு கூட அசையாமல் நின்றது.

அப்போது அவன் பையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். வெகுநேரம் 'ம்' கொட்டினான். வைத்தபோது அவன் முகத்தில் களைப்பும் வெளிச்சமும் ஒன்றாக இருந்தன.

"எங்கம்மா. உங்கப்பா எங்க வீட்டுக்கு வந்திருக்காராம். மன்னிப்புக் கேட்டாராம். அம்மாவும் உட்காரச் சொல்லிட்டாங்களாம்."

அவள் ஆட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "நிஜமாவா?"

"அதுக்குள்ள அடுத்த சண்டை ஆரம்பிச்சாச்சு. கல்யாணச் செய்தி முதல்ல எந்தச் சங்கத்து மடல்ல வரணும்னு."

அவள் நெற்றியை ஆட்டின் முதுகில் முட்டிக்கொண்டு முனகினாள். "கடவுளே... இவங்களை வெச்சுக்கிட்டு..."

"அவங்க போடட்டும். நான் இன்னும் பதில் சொல்லலையே."

அவள் தலை நிமிர்ந்தாள். ஈரக் கூந்தல் கன்னத்தில் ஒட்டியிருந்தது. அவன் கட்டின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் எதிரே வந்து நின்றான். கண்கள் இப்போது எங்கும் ஓடவில்லை.

"அப்போ சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் வாசலில் நின்ற யாருக்கும் அது கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது.