முதுகில் ஒரு கையெழுத்து

அச்சுத் துணியில் எதுவும் ஒரு தடவை மட்டும் வராது. ஒரே சட்டத்தைத் தூக்கித் தூக்கி வைத்து அடிப்பதால், ஒரு பூவுக்கு அடியில் கையெழுத்து இருந்தால் முழம் தாண்டி வரும் அதே பூவுக்கு அடியிலும் அது இருந்தே தீர வேண்டும். மேசைமேல் கிடந்த கவுனில் அப்படி இல்லை. கொடியும் நீலப் பூவும் வரிசை தப்பாமல் இருந்தன. கையெழுத்து விழவேண்டிய இடங்கள் மட்டும் நகத்தளவுக்கு நைந்து வெளுத்திருந்தன.

"முதுகுல ஒண்ணு மட்டும் முழுசா இருக்கும்மா" என்றார் மூட்டைக்காரர். பழைய துணிகளை மூட்டையாக வாங்கிக் கடை கடையாகக் கொடுப்பவர். "கண்காட்சியில வைக்கக் கேக்கறாங்க. யாரு வரைஞ்சதுன்னு நீங்க பாத்து எழுதிக் குடுக்கற சீட்டு இல்லாம எடுத்துக்க மாட்டாங்களாம்."

"எங்க கிடைச்சது?" என்றாள் அவள்.

"மூட்டைக்கு அடியில கெடந்துச்சு. நான் போட்ட ஞாபகமே இல்ல. ஏன் இப்படி வெளிறிப் போறீங்க? துணிதானே, பேயா என்ன!" அவரே சிரித்துக்கொண்டார். "எழுதி வைங்க. ஒரு டீ குடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

அவர் போனதும் கடையில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது. பிற்பகல்தான், ஆனால் விளக்கைப் போட வேண்டியிருந்தது. அவள் கவுனின் பொத்தான்களைத் தொட்டுப் பார்த்தாள். ஐந்து வெள்ளை, கடைசி ஒன்று மட்டும் பழுப்பு. அன்று பொத்தான் ஒன்று குறைந்துபோய், தன் ரவிக்கையிலிருந்து பிய்த்துத் தைத்தவள் அவளேதான். அந்தக் கவுனைப் போட்டுத்தான் தங்கையைச் சவப்பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

அக்கா தங்கை இருவரும் ஒரே அச்சு ஆலையில் வேலை பார்த்தார்கள். தங்கை வரைவாள், அவள் வரைந்ததைச் சட்டத்துக்கு மாற்றுவது இவள் வேலை. நீலப் பூக்கொடியை வரைந்து முடித்த அன்று தங்கைக்குக் காய்ச்சல் நூற்று நாலு. "ஓரத்துல என் பேரப் போட்டுடு அக்கா, எனக்குக் கை நடுங்குது" என்றாள். இவள் போட்டாள், தன் பேரை. பாவி. ஒரு தடவைதானே, அடுத்த படத்தில் அவள் பேர் வரட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த படம் என்று ஒன்று வரவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு யாரோ அந்தத் துணியில் ஒரு கஜம் கொண்டுபோய்க் காட்டினார்களாம். தங்கை நாள் முழுக்க ஒவ்வொரு பூவுக்கு அடியிலும் விரலை வைத்துத் தேடிப் பார்த்தாளாம். ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் தெரியாத அம்மா, "அவ ஆசையா வரைஞ்சது, அதையே தைச்சுப் போட்டு அனுப்பு" என்று அழுதபோது, இவள் வாயைத் திறக்காமல் தைத்தாள்.

அந்த ஒரு பூக்கொடிதான் இவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இன்றுவரை சோறு போடுவதும் அதுதான்.

கவுனைப் புரட்டி உட்புறத்தை விளக்கில் காட்டினாள். வெளியிலிருந்து தேய்ந்திருந்தால் பிசிறு உள்ளே போயிருக்கும். இங்கே பிசிறெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உள்ளிருந்து சுரண்டியிருக்கிறது. மார்பில், இடுப்பில், இரண்டு தோளிலும், தொடைமேல். படுத்திருக்கிறவளின் கை போகும் இடமெல்லாம்.

முதுகுக்கு மட்டும் போகவில்லை.

அவள் கவுனைத் தூக்கி அலமாரிக் கதவில் மாட்டினாள், முதுகு தன் பக்கம் பார்க்கும்படி. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே அவள் பேர், நேற்றுப் போட்டதுபோல் பளிச்சென்று இருந்தது. சீட்டை எடுத்தாள். பழகிய கை. வரைந்தவர் என்ற இடத்தில் அது தன் பேரையே எழுதிவிட்டது.

கரக்.

எலியாக இருக்கும். இந்தக் கடையில் எலிக்கா பஞ்சம்?

கரக். கரக்.

ஈரமான சாயத்தின் வாடை வந்தது. பழைய ஆலை வாடை. கவுனின் வலது கை, காலியான கை, மெல்ல மேலே எழுந்தது. தோளைத் தாண்டி மடங்கியது. அதன் நுனி முதுகைத் துழாவியது. அரை விரற்கடை. அவ்வளவுதான் குறை. எட்டவில்லை. இறங்கியது. இடது கை எழுந்தது. அதற்கும் எட்டவில்லை.

அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. அழுகைதான் வந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டாள். புதுச் சீட்டில் தங்கையின் பேரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை. "எழுதிட்டேன்டி" என்றாள். "இங்க பாரு. எழுதிட்டேன்."

கவுனின் கை நிற்கவில்லை. வலது. இடது. வலது.

சின்ன வயதில் ஒரே படுக்கை இருவருக்கும். தூங்கப்போகும் நேரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு தினமும் தங்கை நச்சரிப்பாள். அக்கா, முதுகுல எட்டல, கொஞ்சம் சொறிஞ்சு விடேன்.

அவள் கவுனுக்குக் கிட்டே போனாள். கண்ணை மூடிக்கொண்டாள். தன் பேர்மேல் நகத்தை வைத்துச் சுரண்டினாள்.

துழாவிக்கொண்டிருந்த கைகள் இறங்கின. காலித் துணி மெல்லக் கனத்தது. நகத்துக்கு அடியில் முதுகெலும்பு தட்டுப்பட்டது. ஒரு கணு. இன்னொரு கணு. சில்லென்று.

வெளியே மூட்டைக்காரர் குடையை உதறும் சத்தம் கேட்டது. "எழுதியாச்சாம்மா?"

அவள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. துணிக்குள்ளிருந்து, தூக்கம் வழியும் குரலில், முப்பத்தோரு வருஷம் கேட்காத குரலில், யாரோ சுகமாக மூச்சு விட்டார்கள்.

"இன்னும் கொஞ்சம் மேல, அக்கா."