கைதட்டாத நாற்பது பேர்

1988ஆம் வருடம் வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ராஜபாளையத்தில் ஆவுடையப்பன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குள் சோலைராஜ் கிட்டார் இல்லாமல் நுழைந்தான். அவன் கிட்டார் இல்லாமல் எங்காவது போனால் ஏதோ கோளாறு என்று ஊரில் அர்த்தம்.

பெயர்ப்பலகையில் இருந்தது கணவர் பெயர். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுப்பதும், ஊரார் கொண்டுவரும் சிக்கல்களை உட்கார்ந்த இடத்திலேயே அவிழ்ப்பதும் மனைவி பரிபூரணம். ஆவுடையப்பன் தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். யாராவது கேட்டால், "நாங்க ரெண்டு பேருந்தான் துப்பு துலக்குதோம்" என்பார். அலைச்சலைக் கணக்கில் எடுத்தால் அது உண்மைதான்.

"டீச்சர், எங்க கச்சேரிக்கு ரசிகர்கள் வாராவ" என்றான் சோலைராஜ்.

"சந்தோஷம்தானே?"

"அவிய யாருன்னு தெரியலை டீச்சர். அதுதான் பிரச்சினை."

ஆவுடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

சோலைராஜ் மில்லில் ஃபிட்டர். அவனுடன் வேலை பார்க்கும் உக்கிரபாண்டி, சௌந்தரபாண்டியன் இருவரையும் சேர்த்து 'ஸ்பிண்டில்ஸ்' என்று ஒரு குழு வைத்திருந்தான். சோலைராஜுக்கு லீடு கிட்டார், சௌந்தரபாண்டியனுக்கு ட்ரம்ஸ், உக்கிரபாண்டிக்கு நாலு கம்பி பேஸ் கிட்டார். தூத்துக்குடிக் கப்பல்காரர் ஒருவர் கொடுத்த கேசட்டுகளைத் தேயத் தேயக் கேட்டுக் கற்றுக்கொண்ட ப்ளூஸ் ராக். பாட்டுக்காரர் கிடையாது. ஆரம்பத்தில், பாடுகிறவர் இன்னும் வந்து சேரவில்லை போல என்று சனங்கள் ஒரு மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு எழுந்து போவார்கள். உக்கிரபாண்டியிடம், "மிச்சம் ரெண்டு கம்பி எங்கப்பா?" என்று கேட்காத ஆள் இல்லை.

"பொறவு, தை மாசத்துல இருந்து ஒரு நாப்பது பேர் வர ஆரம்பிச்சாவ. ஆணும் பொண்ணுமா. கூமாப்பட்டியா இருக்கட்டும், தளவாய்புரமா இருக்கட்டும், எங்க வாசிச்சாலும் அதே நாப்பது பேர். அவியளப் பாத்து மத்தவங்களும் நிக்காங்க. இப்பல்லாம் இருநூறு, முந்நூறு பேரு சேருது. ஸ்ரீவில்லிபுத்தூர் பொருட்காட்சியில ஞாயித்துக்கிழமை வாசிக்கக் கூப்பிட்டாங்க. ஆனா சங்கரலிங்கம் அண்ணாச்சி கமிட்டியில புகார் கொடுத்துட்டாரு. நாப்பது பேரும் நாங்க வச்ச கூலி ஆளுங்களாம்."

சங்கரலிங்கம் பதினான்கு பேர் கொண்ட மெல்லிசைக் குழுவின் உரிமையாளர். இருபது வருட அனுபவம் உள்ளவர், பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் வம்பு.

"ஆதாரம் என்ன சொன்னாரு?" என்றாள் பரிபூரணம்.

"எல்லாரும் ஒரே லாரியில வந்து இறங்குதாவ. நோட்டீஸ் ஒட்டின ஊர்லெல்லாம் விசாரிச்சாச்சு, அவிய அங்க உள்ளவங்க இல்ல. ஒரே இடத்துல உட்காருதாவ. வாசிச்சு முடிச்சா கைதட்ட மாட்டாவ. எல்லாரும் ஒண்ணுபோலக் கையைத் தூக்கி, உள்ளங்கையை ஒரு தடவை திருப்புவாவ. அது கூலி ஆளுங்க கணக்கெடுக்க வச்சிருக்கிற சைகைங்கறாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லலைன்னா ஞாயித்துக்கிழமை கிடையாது."

அவன் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அதைக்கூடப் பொறுத்துக்கிடுவேன் டீச்சர். உக்கிரபாண்டியே நம்பிட்டான். 'நீ ஆள் வச்சுத்தான் கூட்டம் சேக்குதியா? அப்ப நான் வாசிக்கறது எதுக்கு?'ங்கான். நாளைக்கு மகாராஜபுரம் கோயில் பொங்கல்ல வாசிக்க ஒத்துக்கிட்டோம். அதோட கிட்டாரை விக்கப்போறானாம். அவன் போனா ஸ்பிண்டில்ஸ் இல்ல. எட்டாம் வகுப்புல இருந்து கூட்டாளி டீச்சர் அவன்."

பரிபூரணம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். "ஒரே இடம்னா எந்த இடம்?"

"மேடைக்கு வலது பக்கம். தளவாய்புரத்துல மட்டும் இடது பக்கம் உட்காந்தாவ."

"அங்க என்ன வித்தியாசம்?"

"ஒண்ணுமில்ல. வலது பக்கம் வேப்பமரம் நின்னுச்சு. அதனால உக்கிரபாண்டியும் அவன் பெரிய ஸ்பீக்கர் பெட்டியும் இடது பக்கம் போச்சு."

"சரி. கச்சேரி நடுவுல என்னைக்காவது எந்திரிச்சுப் போயிருக்காவளா?"

சோலைராஜ் யோசித்தான். "கூமாப்பட்டியில ஒரு தடவை. பேஸ் ஆம்ப்ளிஃபயர்ல ஃப்யூஸ் போச்சு. நானும் ட்ரம்ஸும் நிறுத்தல. நான் அன்னைக்கு வாசிச்ச மாதிரி என்னைக்கும் வாசிச்சதில்ல. அந்த நேரம் பாத்து நாப்பது பேரும் முடிஞ்சுபோச்சுன்னு எந்திரிச்சிட்டாவ. ஃப்யூஸ் மாத்தினதும் திரும்ப வந்து உட்காந்துட்டாவ. எவ்வளவு அவமானம் பாருங்க."

"நாளைக்கு நாங்களும் வாரோம்" என்றாள் பரிபூரணம்.

மறுநாள் மாலை ஐந்தரை மணிக்கே மகாராஜபுரம் கோயில் மைதானத்தில் கச்சேரி தொடங்கியது. அறிவிப்பாளர் முதலில் மைக்கைப் பிடித்துப் பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றி ஒரு நகைச்சுவை சொன்னார். தலைவர் உட்படக் கூட்டமே சிரித்தது. வலது பக்கம் பெரிய பெட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்த நாற்பது பேர் மட்டும், கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தார்கள்.

ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் போய்க் குனிந்து, "எந்த ஊருங்க?" என்று மூன்று முறை கேட்டார். ஒருவரும் திரும்பவில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய்க் கேட்டபோது, ஒரு நடுத்தர வயதுப் பெண் மைதானமே அதிரும்படி, "சத்திரப்பட்டி!" என்றாள்.

"எம்புட்டுத் தெனாவட்டு பாத்தியா?" என்று மனைவியிடம் வந்து குமுறினார். "தலையெல்லாம் வெளுத்திருக்கே, பெரிய மனுஷின்னு மரியாதையாக் கேட்டேன்."

"அது நரை இல்லங்க, பஞ்சு" என்றாள் பரிபூரணம். பிறகு, டீ விற்கிறவர் அந்த நாற்பது பேருக்குப் பின்னால் தட்டை வைத்துவிட்டு நின்றிருந்த பெஞ்சுப் பக்கம் நடந்தாள். அவள் முழங்கை பட்டு, பன்னிரண்டு டம்ளரோடு எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தது. மைதானத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பந்தல்காலில் கட்டியிருந்த ஆடுகூடத் திரும்பியது.

டீக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, டம்ளர்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தவளிடம், "கல்யாணமாகி முப்பது வருஷத்துல நீ ஒரு ஸ்பூனைக்கூடக் கீழ போட்டதில்லையே!" என்றார் ஆவுடையப்பன்.

"அதனாலதான் இன்னைக்குப் போட்டேன்."

வியாழக்கிழமை காலை முழுவதும் அவள் இன்ஸ்டிடியூட் பக்கம் போகவில்லை. சத்திரப்பட்டி விலக்கில், சமுத்திரத்தின் மைக் செட் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டாள். சமுத்திரம்தான் ஸ்பிண்டில்ஸுக்கு ஒலிபெருக்கி கொடுப்பவர். ஆவுடையப்பன் மூன்றாவது வடையைத் தின்றுகொண்டிருந்தபோது, சமுத்திரம் ஆள் உயரப் பெரிய பெட்டியை வாசலுக்குத் தள்ளிவந்து துடைக்க ஆரம்பித்தார். எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்த நேற்றைய பெண், அவரைப் பார்த்து முகவாயை உயர்த்தினாள். சமுத்திரம் விரல்களைக் குவித்துக் கோபுரம்போல மேலே தூக்கினார். பிறகு மூன்று விரலை மடக்கிக் காட்டிவிட்டு, சந்தேகம்தான் என்பதுபோல் கையை அசைத்தார்.

"அவரு என்ன சொன்னாரு?" என்றாள் பரிபூரணம்.

"வாயே திறக்கலையே!"

"ஆமா" என்று அவள் எழுந்து, அந்தப் பெண்ணை நோக்கிச் சாலையைக் கடந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை சமுத்திரத்தின் கடையில் எல்லோரும் கூடினார்கள். பொருட்காட்சிக் கமிட்டிச் செயலாளர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சங்கரலிங்கம் நின்றுகொண்டே இருந்தார். சோலைராஜும் சௌந்தரபாண்டியனும் ஒரு பக்கம் நிற்க, உக்கிரபாண்டி அவர்களைப் பார்க்காமல் வாசற்படியில் தன் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தான். விற்பதற்காக அதை உறையில் போட்டிருந்தான்.

"சங்கரலிங்கம் அண்ணாச்சி பார்த்ததெல்லாம் நிஜம்" என்று ஆரம்பித்தாள் பரிபூரணம். சோலைராஜின் முகம் வெளுத்தது. "அவரு எடுத்த முடிவுதான் தப்பு. கூலி வாங்கின ஆளு என்ன செய்வான்? மத்தவங்களை விட ஒரு மடங்கு கூடத்தான் கைதட்டுவான், கூடத்தான் சிரிப்பான். இவிய நகைச்சுவைக்குச் சிரிக்கல. பின்னால நின்னு மூணு தடவை கேட்டும் திரும்பல. பன்னிரண்டு டம்ளர் விழுந்தும் திரும்பல. ஆடு திரும்புச்சு."

"காது கேக்காதா?" என்றார் செயலாளர்.

"சத்திரப்பட்டியில பேண்டேஜ் துணி நெய்யற தறிக்கூடம். ஒரு ஷெட்டுக்குள்ள அறுபது விசைத்தறி. பத்து, பதினஞ்சு வருஷம் நின்னா முதல்ல போறது பேச்சு கேக்குற காதுதான். மெல்லிசான சத்தமெல்லாம் போயிரும். கனத்த சத்தம் மட்டும் கடைசி வரைக்கும் கொஞ்சம் நிக்கும். அதுவும் காதால கேக்குறதைவிட உடம்பால கேக்குறதுதான் ஜாஸ்தி. பெரிய பெட்டி எந்தப் பக்கமோ இவியளும் அந்தப் பக்கம். அதுல ஃப்யூஸ் போனா, இவியளுக்குக் கச்சேரி முடிஞ்சது."

"சரி, நோட்டீஸ் ஒட்டாத ஊர்ல எப்படித் தெரியும்?" என்றார் சங்கரலிங்கம், விடாமல்.

"நம்ம சமுத்திரம் அண்ணனும் ஒரு காலத்துல தறி ஓட்டினவருதான். சங்கரலிங்கம் அண்ணாச்சி கச்சேரிக்குக் குழாய் ஸ்பீக்கர் போதும். பெரிய பெட்டி வெளிய வருதுன்னா ஸ்பிண்டில்ஸ் வாசிக்காங்கன்னு அர்த்தம். ஷிப்டுக்குப் போறவங்க அதைப் பாத்துட்டு எங்க, என்னைக்குன்னு சைகையில கேப்பாங்க, அவரும் சைகையில சொல்லுவாரு, கோபுரம்னா ஸ்ரீவில்லிபுத்தூர், மூணு விரல்னா மூணாம் நாள். தறிக்கூடத்துல அதுதானே பாஷை? பேண்டேஜ் கட்டு ஏத்துற லாரி காலியா நின்னா அதுல ஏறிக்கிடுதாவ."

எல்லோரும் சமுத்திரத்தைப் பார்த்தார்கள். "ஏன் அண்ணாச்சி, இதை எங்ககிட்ட சொல்லக்கூடாதா?" என்று சோலைராஜ் அவர் முகத்துக்கு நேரே போய்க் கேட்டான்.

"நீ கேக்கலையேப்பா" என்றார் சமுத்திரம்.

பரிபூரணம் வெளியே பார்த்துக் கையசைத்தாள். தலையில் பஞ்சோடு அந்தப் பெண் உள்ளே வந்தாள். வெள்ளத்தாய் என்று பெயர். பரிபூரணம் அவள் முகத்தைப் பார்த்து, உதடு தெரியும்படி நிதானமாக, "நீங்க ஏன் இவங்க கச்சேரிக்குப் போறீக? சொல்லுங்க" என்றாள்.

வெள்ளத்தாய் உரத்துப் பேசினாள். "பாட்டுக் கச்சேரிக்கும் போயிருக்கேன். என்ன பாடுதாவன்னு ஒண்ணும் வெளங்காது. பக்கத்துல சிரிச்சா நானும் சிரிக்கணும், அழுதா நானும் மூஞ்சிய வச்சுக்கிடணும். இங்க பாட்டே கிடையாதுல்லா! யாருக்கும் ஒரு வார்த்தையும் கிடைக்கப்போறதில்ல. எனக்கு எதுவும் விட்டுப்போகல. இந்தத் தம்பி வாசிச்சா தரையில இருந்து நெஞ்சுக்கு ஏறுது. பதினோரு வருஷம் கழிச்சு நான் கேட்ட சங்கீதம் அதுதான்."

அவள் விரல் உக்கிரபாண்டியை நோக்கி நீண்டிருந்தது.

சோலைராஜ்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப... என் கிட்டாரு?"

அவன் உதட்டைப் படித்த வெள்ளத்தாய், "நீ விரலை ஆட்டுதது பாக்க நல்லாருக்கும்" என்றாள் பெருந்தன்மையாக.

சௌந்தரபாண்டியன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான். சோலைராஜும் ஒரு கணம் முறைத்துவிட்டுச் சிரித்தான். உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. உறையைத் திறந்து கிட்டாரை எடுத்துச் சமுத்திரத்திடம் ஒயரைக் கேட்டு வாங்கினான். பெரிய பெட்டியோடு இணைத்து, அடிக்கம்பியில் மெதுவாக ஒரு நடை வாசித்தான். மேசையிலிருந்த ஸ்க்ரூக்கள் நடுங்கின. வெள்ளத்தாய் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் நிறுத்தியதும், அவள் கையை உயர்த்தி ஒரு முறை திருப்பினாள்.

"அந்தச் சைகைக்கு அர்த்தம்?" என்று கேட்டார் சங்கரலிங்கம். குரலில் சண்டை இல்லை.

"இழை அறுந்தா தறியை நிறுத்துவோம்" என்றார் சமுத்திரம். "முடிச்சுப் போட்டதும் அந்தப் பக்கம் நிக்கிறவனுக்கு இப்படிக் காட்டுவோம். 'சரியாப் போச்சு, ஓட்டு'ன்னு அர்த்தம். கைதட்டல் சத்தம் அவியளுக்கு எங்க கேக்கப்போவுது?"

சங்கரலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இருபது வருஷமாப் பாட்டு நடத்துதேன். என் முன்னால உட்காந்து சும்மா சிரிச்சவங்க எத்தனை பேரோ" என்றார். பிறகு செயலாளரிடம், "புகாரைக் கிழிச்சுப் போடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பொருட்காட்சியில் ஸ்பிண்டில்ஸுக்கு மாலை ஆறிலிருந்து ஏழு வரை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பெரிய பெட்டிக்கு முன்னால் இந்த முறை அறுபத்து மூன்று பேர் என்று ஆவுடையப்பன் இரண்டு தடவை எண்ணிச் சொன்னார். மேடையில் ஒரு மாற்றம் இருந்தது. எப்போதும் ஓரத்தில் நிற்கும் உக்கிரபாண்டி நடுவில் நின்றான். சோலைராஜ்தான் அவனைப் பிடித்துத் தள்ளி அங்கே நிறுத்தினான் என்று சௌந்தரபாண்டியன் பிறகு சொன்னான்.

ஏழு மணிக்குக் கடைசி உருப்படி முடிந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மேடைப் படியில் கால் வைத்தார். அப்போது பெரிய பெட்டிக்கு எதிரே அறுபத்து மூன்று கைகள் உயர்ந்து, ஒரு முறை திரும்பின. அறுபத்து நாலாவது ஆவுடையப்பனுடையது. அவர் பக்கத்தில் பரிபூரணமும் கையைத் தூக்கியிருந்தாள்.

உக்கிரபாண்டி அந்தக் கைகளைப் பார்த்தான். தன் கையையும் உயர்த்தித் திருப்பிக் காட்டினான். பிறகு யாரையும் கேட்காமல் மறுபடி வாசிக்க ஆரம்பித்தான்.