பிரித்துக் கட்டிய பைகள்

எதிர் வீட்டு வாசலில் ஒரு குப்பைப் பை இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வீட்டுத் தள்ளுக்கதவை முழங்கால் உயரத்துக்கு மறைத்துக் கிடந்த பனி கொஞ்சமும் கலையவில்லை. கதவு திறந்த அடையாளம் இல்லை. படியிலிருந்து தெருவரை ஒரு காலடித் தடம்கூட இல்லை. பை மட்டும் பனியின் மேல், இப்போதுதான் யாரோ கொண்டுவந்து வைத்த மாதிரி, துளிப் பனிகூடப் படியாமல் நின்றது.

சிகெனோ பாதி நறுக்கிய முள்ளங்கியோடு சமையலறை ஜன்னலில் நின்று அதையே பார்த்தாள்.

"தொகுஜி ஐயா வாசல்ல பை இருக்குங்க."

கணவன் கோஸோ, போர்வை மூடி அடியில் கணப்பு வைத்த சூட்டு மேசைக்குள் இடுப்புவரை நுழைந்துகொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். "நல்லதுதானே? போய் எடுத்துட்டு வா, குப்பை மகாராணி."

"மக வீட்டுக்குப் போயிருப்பார்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வந்திருப்பார். கிழவன் வந்ததுக்கெல்லாமா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ?"

தெருச் சங்கத்தில் இந்த வருடத் தலைமை முறை சிகெனோவுடையது. கெட்ட நேரத்தில் வந்த முறை. இலையுதிர் காலத்தில்தான் நகராட்சி குப்பை வண்டியைக் குறைத்தது. வாரம் இருமுறை வந்த வண்டி வாரம் விட்டு வாரம் வந்தது. தெருவுக்கு ஒன்றாக இருந்த குப்பைக் கூண்டுகளை எடுத்துவிட்டு தெருக்கள் ஏறிப்போகும் மேட்டின் அடிவாரத்தில் ஒன்றே ஒன்றை வைத்தார்கள். தனியாக வாழும் முதியவர்களின் வாசலுக்கே ஆள் வந்து பை எடுக்கும் ஏற்பாடும் நின்றது. அந்த ஆள் பையை எடுப்பதோடு நிற்க மாட்டான், கதவைத் தட்டி, "தொகுஜி ஐயா, இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பான். "இருக்கேன்டா! உன் வண்டியில ஏற இன்னும் நாள் இருக்கு!" என்று உள்ளிருந்து பதில் வரும். தெருவே சிரிக்கும்.

அதை நிறுத்தியதற்காக நகராட்சி அதிகாரி ஒருவர் சங்கக் கூடத்துக்கு வந்து, இடுப்பை வளைத்து வணங்கி, இனி அக்கம்பக்கத்தாரின் அன்பை நம்பியிருக்கிறோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தொகுஜியின் பையைச் சுமப்பதும், சுமக்கும்போது குரல் கொடுப்பதும் சிகெனோவின் தலையில் விழுந்தது.

கொஞ்ச நாள் செய்தாள். பிறகு ஒருநாள் எரிக்க வேண்டிய குப்பைக்குள் தகர மீன் டப்பா ஒன்று கிடந்ததால், வண்டிக்காரர்கள் தொகுஜியின் பையில் சிவப்புச் சீட்டு ஒட்டி விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி விட்டுப்போன பையைத் தலைவிதான் பிரித்து, கைவிட்டுத் தரம் பிரிக்க வேண்டும். அது அந்தத் தெருவின் வழக்கம். விரல் விறைக்கும் குளிரில் இன்னொருவர் வீட்டு மீன் முள்ளைக் கிளற அவளுக்கு மனசில்லை. பையைத் தூக்கிப் போய் அவர் வாசலிலேயே வைத்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பினாள்.

அதோடு விட்டிருக்கலாம். சங்கக் கூட்டத்தில், "சிலருக்கு வயசாக ஆக எது தகரம், எது மீனுன்னே தெரியறதில்ல. நாளைக்கு அவங்களையே எந்தப் பையில போடறதுன்னு நாமதான் முழிக்கணும்" என்றாள். கூடம் அதிரச் சிரித்தது. கடைசி வரிசையில் தொகுஜி உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, நெற்றி முழங்காலைத் தொடுமளவு குனிந்தார்.

"மன்னிச்சுக்க அம்மாடி. இனிமே ஒழுங்காப் பிரிக்கிறேன்."

அதன் பிறகு அவர் வாசலில் பை வைக்கவே இல்லை. சிகெனோவும் குரல் கொடுக்கவில்லை. ஒரு சுமை குறைந்தது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷம்தான் இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது.

மறுநாள் பொழுது சாயும்போது இரண்டு பைகள் இருந்தன. பனி அப்படியே கிடந்தது. வேலி ஓரம்வரை போய் எட்டிப் பார்த்தாள். நகராட்சி விற்கும் குப்பைப் பைகள் கண்ணாடிபோல் உள்ளே இருப்பதைக் காட்டும். ஒன்றில் கழுவித் துடைத்த மீன் தட்டுகள், நூல் பிடித்ததுபோல் மடித்த காகிதங்கள். இன்னொன்றில் ஒரு மூக்குக் கண்ணாடி. கம்பி தனி, சில்லு தனி. காதில் வைக்கும் கருவி. அதன் பேட்டரி தனியாக ஒரு குட்டி உறையில்.

காது கேட்கும் கருவியை யாராவது குப்பையில் போடுவார்களா? படியேறிப் போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டினால் பதில் வராமல் போகலாம். வராவிட்டால், எத்தனை நாளாக என்று எல்லோரும் கேட்பார்கள். அவளைத்தான் கேட்பார்கள். கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்பில் கொதித்த குழம்பு வற்றிக் கருகும்வரை வெறுமனே நின்றாள்.

"கூப்பிட்டியா?" என்றான் கோஸோ.

"ம். நல்லாத்தான் இருக்கார்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது!

அடுத்த நாள் கோஸோ தம்பி வீட்டுக் கூரையில் பனி தள்ளப் போய்விட்டான். சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. பனி விழும் ஊரில் அந்த நேரத்துக்கென்று ஒரு நிசப்தம் உண்டு. அதற்குள்ளிருந்து, எதிர் வீட்டிலிருந்து, ஒரு சத்தம் சிகெனோவுக்குக் கேட்டது. பிளாஸ்டிக்கை உதறி விரிக்கும் சரசரப்பு. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு கத்தரி எதையோ மெதுவாக, பொறுமையாக வெட்டும் சத்தம். பிறகு முடிச்சு இறுகும் கீச்சொலி.

உயிரோடுதான் இருக்கிறார்! கண்ணில் நீர் முட்டியது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

படியில் இப்போது பைகள் வரிசையாக இருந்தன. ஓடியவள் நின்றாள்.

ஒன்றில் பல் செட். சுத்தமாகக் கழுவியது. ஒன்றில் நரைமுடி, நூல்கண்டு போலச் சுற்றியது. ஒன்றில் வளைந்து மஞ்சளித்த சின்னச் சின்னச் சில்லுகள். குனிந்து பார்த்தாள். நகங்கள். பத்தும் முழுசாக, வேரோடு. பக்கத்துப் பையில், தகரத்துக்கான பையில், ஒரு நீண்ட இரும்புக் கம்பி, நாலு திருகாணிகளோடு. பஸ் ஓட்டிய காலத்தில் தொகுஜிக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தது தெருவுக்கே தெரியும்.

காற்றில் நாற்றம் இல்லை. சோப்பு வாசனை மட்டும்.

"தொகுஜி ஐயா..."

மறுபடி கூப்பிட்டாள்.

"தொகுஜி ஐயா, இருக்கீங்களா?"

உள்ளே கத்தரி நின்றது.

"வந்துட்டியா அம்மாடி?" பல் இல்லாத வாயின் கொழகொழப்பு. கோபமே இல்லாத குரல். "எத்தனை நாளாக் காத்திருக்கேன். கொஞ்சம் இரு. முடிச்சுப் போட்டுடறேன்."

"நான்... அன்னிக்கு நான் சொன்னது..."

"சரியாத்தான் சொன்ன. நான்தான் கத்துக்கல. இப்பப் பாரு, எல்லாம் பிரிச்சுட்டேன். கலக்கவே இல்ல."

ஓட நினைத்தாள். ஆனால் ஓடிவிட்டால் மறுபடியும் அவரைத் தனியே விட்டுப் போனதாகும்.

தள்ளுக்கதவு நகர்ந்தது. ஒரு சாண். பனி சரிந்து உள்ளே விழுந்தது. உள்ளே இருட்டு. தரையிலிருந்து கூரைவரை பைகள். வரிசை வரிசையாக. ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் அவர் பெயர். நடுவில் ஒரு ஆள் உட்காருமளவு இடம். அந்த இடத்தில் யாரும் இல்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் அம்மாடி. இது எதுல சேரும்னுதான் எனக்குப் பிடிபடல. நீதான் பார்த்துச் சொல்லணும்."

இடுக்கு வழியாக ஒரு கை வந்தது. நகமில்லாத கை. மணிக்கட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதில் ஒரு பை. இறுக்கிக் கட்டியது. உள்ளே எதுவும் தெரியவில்லை, காலிதான்.

சிகெனோ இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் அதன் உட்புறத்தில் மெல்ல ஆவி படர்ந்தது. மறைந்தது.

மறுபடியும் படர்ந்தது.