பல்தாவின் தண்ணீர்

2018 ஆகஸ்ட் 21, செவ்வாய்க்கிழமை. சிலியின் வடக்கே, தால்தாலுக்குப் போகும் கடலோர மலைச்சாலையின் ஒரு வளைவில், காலை பதினோரு மணிக்கு, ஹெரிபெர்த்தோவும் அவர் மனைவி எதெல்மிராவும் தங்கள் மகன் பல்தாவின் நினைவுக்கூண்டைப் பெயர்த்தெடுத்து, படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் உள்ள தங்கள் வீட்டுவண்டிக்குள் ஏற்றினார்கள்.

சாலையை அகலப்படுத்த மறுநாள் அந்த வளைவைத் தகர்க்கப்போகிறார்கள். விபத்தில் உயிர் பிரிந்த இடத்தில், ஆவி தங்குவதற்கென்று சின்ன வீடுபோல் நட்ட கூண்டை யாரும் நகர்த்துவதில்லை.

"வேணாம் கிழவி. அவன் இங்கதான இருக்கான்."

"அப்ப மலையோட சேத்து எம்புள்ளையையும் வெடிக்கட்டும்ங்கிறியா?"

ஹெரிபெர்த்தோ ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கூண்டைக் கடப்பவர்களின் வழக்கப்படி மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு லாரி மோதி, பல்தாவின் காரும் அந்த லாரியும் பள்ளத்தில் உருண்டன. பல்தா இரண்டு நாள் உயிரோடு கிடந்து, தாகத்தில் செத்தான். அதனால்தான் மாதந்தோறும் கூண்டின் முன் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி வைத்தாள் எதெல்மிரா. லாரிக்காரனும் அதே பள்ளத்தில் அதே இரண்டு நாள் கிடந்து செத்தவன்தான். எப்போதும் சுருட்டும் கையுமாக இருந்த அவனைத் தேடி யாரும் வரவில்லை. அவனுக்குக் கூண்டும் இல்லை.

மூன்றாவது மேட்டில் வண்டியின் பின்பக்கம் தண்ணீர் பம்பு ஓடியது. குழாயைத் திறந்தால்தான் அது ஓடும்.

எதெல்மிரா எழுந்து போய்ப் பார்த்தாள். குழாய் மூடியிருந்தது. காலையில் காய்ந்து கிடந்த தம்ளர் ஈரமாக இருந்தது. தொட்டியின் அளவு காட்டும் நான்கு விளக்குகளில் ஒன்று அணைந்திருந்தது.

"குழாய சரியா மூடலையா?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"பல்தா குடிக்கிறான்."

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு உடைந்த குரலில், "மெதுவா குடிக்கச் சொல்லு. சின்னதுலயே அவனுக்குப் புரையேறும்" என்றார்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "குடிடா ராசா. நூறு லிட்டர் இருக்கு. எல்லாம் உனக்குத்தான்."

மதியத்துக்குப் பின் கடலிலிருந்து மூட்டம் ஏறிவந்து, பாறைகளையும் கள்ளிச்செடிகளையும் ஒவ்வொன்றாக விழுங்கி, கண்ணாடிகளில் உப்பாக வழிந்தது. பம்பு நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை நின்றதும் விழுங்கும் சத்தம், நிதானமாக, ஆழமாக, பெரிய தொண்டையிலிருந்து வருவதுபோல் கேட்டது. இரண்டு விளக்குகள் எரிந்தன. பிறகு ஒன்று. வண்டிக்குள் புகையிலை நாற்றம் பரவியது.

பல்தா புகைத்ததேயில்லை.

அவள் முன்னிருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். பின்னால் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

மூட்டத்தில் யாரோ ஓடிவந்தார்கள். சிவப்பு ஸ்வெட்டர். அவள் பின்னியது. வலது காலை இழுத்து இழுத்து ஓடினான். வாய் திறந்திருந்தது. இரண்டு கைகளும் வண்டியை நோக்கி நீண்டிருந்தன.

"நிறுத்து."

"இறக்கத்துல எப்படிடி நிறுத்துறது?"

"நிறுத்து கிழவா! பல்தா ரோட்டுல இருக்கான்."

பின்னால் பம்பு ஓடியது.

ஹெரிபெர்த்தோவும் அதைக் கேட்டார். கண்ணாடியையும் பார்த்தார். பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்பதற்குள் கண்ணாடியில் மூட்டம் மட்டுமே இருந்தது.

அவள் பின்னால் ஓடிக் குழாயைத் திருகினாள். ஒரு சொட்டில்லை. பம்பு வறண்டு அலறியது. கடைசி விளக்கு அணைந்தது. தம்ளர் நிறைந்திருந்தது. அது மெல்லச் சாய்ந்தது. தண்ணீர் குறைந்தது. தரையில் ஒன்றும் சிந்தவில்லை.

காலித் தம்ளரோடு சாலையில் இறங்கி நின்று, தொண்டை கட்டும்வரை மகனைக் கூப்பிட்டாள்.

கூண்டைத் திரும்ப நடுவதற்குப் போனார்கள். வளைவுக்கு நான்கு கிலோமீட்டர் முன்பே தடுப்புப் போட்டிருந்தார்கள். வெடி வைத்தாகிவிட்டது, யாரையும் விடமுடியாது என்றார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வளைவைத் தகர்த்தார்கள். கூண்டு தால்தாலில் அவர்கள் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. அதன் முன் வைக்கும் தண்ணீர் விடிவதற்குள் காலியாகிவிடுகிறது.