மூன்றாம் கட்டத்து அத்தை

இந்த நாட்டுக்கு வந்த நாலாவது நாள், கையில் பாஸ்போர்ட் நகலும் தோளில் தூங்கிவழியும் மகளுமாக அந்தப் பள்ளிக்கூடத்துப் படியேறினேன். பழைய கட்டடம். உயரமான ஜன்னல்கள், மெழுகு போட்டுத் துடைத்த மரத்தரை, சுண்ணாம்பும் ஈரத்துணியும் கலந்த வாசனை. வரவேற்பறையில் இருந்த அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினாள். பிள்ளையை அழைத்துப் போகக்கூடியவர்கள் மூன்று பேர். முதல் கட்டத்தில் நான். இரண்டாவதில் என் கணவர். கப்பல் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரிலேயே இருப்பவர். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"இங்கயும் ஒரு பேரு வேணுமே," என்றாள்.

"எங்களுக்கு இங்க யாரையுமே தெரியாதுங்க."

"அப்படின்னா சேர்த்துக்க முடியாதே."

மறுநாள் காலை ஆஸ்பத்திரி லேபில் எனக்கு முதல் ஷிப்ட். வந்ததே ஆத்திரம்! பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவளிடம் மூன்றாவது ஆளைக் கேட்டால் நான் எங்கே போவேன்? வாய்க்கு வந்த ஒரு பெயரை எழுதினேன். உறவு: அத்தை. என் கணவருக்கு அக்காவும் கிடையாது, தங்கையும் கிடையாது. விமான நிலையத்தில் சும்மா கொடுத்த ஒரு சிம்மைப் பழைய போனில் போட்டு வைத்திருந்தேன். அந்த எண்ணையே அத்தையின் எண்ணாகப் போட்டுவிட்டேன்.

ஏழு மாதம் அதை அடியோடு மறந்துபோனேன்.

ரத்த மாதிரிகளைச் சுற்றவிட்டு, பிரித்து, மெஷினில் ஏற்றி, அளவு பார்த்துச் சொல்வது என் வேலை. மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும், மூன்றரைக்குப் பள்ளி விடும். அன்றைக்கு மெஷின் மக்கர் செய்துவிட்டது. கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தபோது மணி நாலேகால். பள்ளியிலிருந்து ஆறு அழைப்பு. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

வரவேற்பறை அம்மாள் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அவ அத்தை வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே. நீங்க எடுக்கலைன்னு மூணாவது நம்பருக்குப் போட்டேன். முதல் ரிங்லயே எடுத்துட்டாங்க."

"எந்த அத்தை?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். மூன்று முப்பத்தெட்டு. பக்கத்தில் நான் கற்பனை செய்த அந்தப் பெயர். எழுத்து, சாட்சாத் என் எழுத்து.

"உங்க ஜாடை அப்படியே இருந்துச்சு. அதான் நானும் ஒண்ணும் கேக்கலை," என்றாள்.

பிளாட் கதவு பூட்டியிருந்தது. சாவி என் பையில்தான் இருந்தது. அவசரத்தில் அதை இரண்டு தடவை கீழே போட்டேன்.

உள்ளே, நாங்கள் வாண்டு என்று கூப்பிடும் என் ஐந்து வயது மகள், மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கைகால் கழுவி, உடை மாற்றியிருந்தாள். சீப்பைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவளுக்கு இறுக்கமான இரட்டைப் பின்னல். அடுப்பு இன்னும் சுட்டது.

"யாருடி உன்னைக் கூட்டிட்டு வந்தது?"

"அத்தை."

"எங்க அவங்க?"

"நீதான் வந்துட்டியே. அதான் போயிட்டாங்க."

தலையைத் தூக்காமலே படுக்கையறைப் பக்கம் கை காட்டினாள். அங்கே யாரும் இல்லை. ஆறாவது மாடி, ஜன்னல் சாத்தியிருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். பழைய போன் சார்ஜ் செத்து, போட்ட இடத்திலேயே கிடந்தது. தொட்டுப் பார்த்தேன்.

சூடாக இருந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். "பக்கத்து வீட்டுக்காரங்க யாராச்சும் இருக்கும். நல்லதுதானே பண்ணியிருக்காங்க, விடேன்," என்றார். நடுக்கடலில் இருக்கிற மனுஷனுக்கு எல்லாமே லேசு! போலீஸுக்குப் போய் நான் என்ன சொல்வேன்? இல்லாத ஆளை எழுதிக்கொடுத்தேன், அந்த ஆள் வந்துவிட்டாள் என்றா? பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போய் மூன்றாவது பெயரை அடிக்கச் சொன்னேன். அந்த அம்மாள் என் கண்முன்னால்தான் கோடு போட்டாள்.

அதன்பிறகு மூன்று மணி ஆனால் தலை போகிற வேலையானாலும் கிளம்பிவிடுவேன். மேலதிகாரி இரண்டு தடவை எச்சரித்தார். வேலை போனால் விசா போகும், விசா போனால் எல்லாம் போகும். அப்படியும் ஓடினேன். வாசலில் மற்ற பிள்ளைகள் அம்மாவைக் கண்டு ஓடிவரும். வாண்டு மட்டும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள்.

"அத்தை வரலையா?"

"இனிமே வரமாட்டாங்க."

"அத்தைன்னா லேட்டாவே வரமாட்டாங்கம்மா," என்றாள் மெதுவாக.

பெற்றவள் நான்தானே. சண்டை போடலாம் என்றால் எதிரே ஆள் இருந்தால்தானே!

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஏதோ பெரிய விபத்து. இரண்டே முக்காலுக்கு ஒன்பது பேரின் மாதிரிகள் வந்து குவிந்தன. மேலதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னிக்கும் கிளம்பினீங்கன்னா, நாளைக்கு வர வேண்டாம்."

மணி மூன்று ஐந்து. அப்போதே எழுந்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். எதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குள் ஒரு நினைப்பு வந்தது.

அவள் போவாள்.

அவள் பார்த்துக்கொள்வாள்.

மனசு லேசாகிவிட்டது. போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு அடுத்த மாதிரியை எடுத்தேன்.

வீடு வந்து சேரும்போது மணி ஐந்தரை. வராந்தாவில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பூட்டுத் திறந்தது, ஆனால் கதவு இரண்டு விரல் அகலத்துக்குமேல் நகரவில்லை. உள்ளே சங்கிலி போட்டிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை. பாத்திரம் கழுவும் சத்தம். கழுவிக்கொண்டே யாரோ எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அது என் குரல்.

"வாண்டு!"

சின்னக் காலடிகள் ஓடிவந்தன. இடுக்கில் ஒரு கண்ணும் ஒரு பின்னலும் தெரிந்தன.

"சங்கிலியை எடுடா தங்கம். சீக்கிரம்."

அவள் எடுக்கவில்லை. விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னை மரியாதையாகப் பார்த்தாள்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாருடா கண்ணா?" என்று கேட்டது என் குரல்.

வாண்டு திரும்பிச் சொன்னாள். "அத்தை வந்திருக்காங்கம்மா."

"இன்னிக்கு நானே சீக்கிரம் வந்துட்டேனேடா. அவங்க வேண்டாம்னு சொல்லு."

"வாண்டு, நான்தாண்டா அம்மா! இங்க பாரு, என்னைப் பாரு!"

பார்த்தாள். பெரியவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் பேசத் தெரியாத பிள்ளை. எனக்காகக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தினாள்.

"அம்மா வர லேட்டானா நாங்களே கூப்பிடுறோம் அத்தை," என்றாள் உள்ளேயிருந்து.